ஒரு ஏசி, இரண்டு அறை

நான் வேலை பார்த்த சமரச மையம் இப்போது வீடியோவுக்கு மாறிவிட்டது. விவாகரத்துக்கு வந்த கணவர் திரையில் ஒரு கட்டத்தில், மனைவி ஒரு கட்டத்தில், சமரசர் ஒரு கட்டத்தில் தெரிகிறார்கள். ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டுமானால் பட்டனைத் தட்டினால் போதும், மற்றவர் வேறு அறைக்குப் போய்விடுகிறார். அந்த அறைக்குச் சுவரும் இல்லை, கொசுவும் இல்லை. இங்கே பேசுவது அங்கே கேட்கவே கேட்காதாம்.

இதற்கான தொடக்க விழாவுக்கு ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார்கள். இளம் சமரசர் ஒருவர் எழுந்து, "சார், இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்துல நீங்க ரகசியத்தை எப்படிக் காப்பாத்துனீங்க?" என்று கேட்டார். எட்டு நிமிடம் பேசினேன். நம்பிக்கை, மனசாட்சி, தொழில் ஒழுக்கம் என்ற மூன்று சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டதில் எட்டு நிமிடம் ஓடிவிட்டது. கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மற்ற சால்வைகளோடு அடுக்கும்போதுதான் நான் சொன்னதில் ஒன்றுகூட பதில் இல்லை என்று உறுத்தியது. பதில் ஒரு பிளைவுட் பலகை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். பெயர்கள், கடை, தெரு, குழந்தையின் வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பின்னால் ஒரு பல் வரும். அதை மட்டும் மாற்றவில்லை.

முதலில் நான் வக்கீல். நல்ல வக்கீல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடும்போது அவர் சொல்வதும் சரிதானே என்று எனக்குத் தோன்றிவிடும். தோன்றினால் பரவாயில்லை, தலையும் ஆடும். ஒரு நாள் என் கட்சிக்காரர் கோர்ட் வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்து, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. பதில் தேடிச் சில ஆண்டுகள் போயின. பிறகு யாரோ சொல்லி, நாற்பது மணி நேரப் பயிற்சி எடுத்துச் சமரசர் ஆனேன். அந்தப் பயிற்சியில் கற்றது, சரியான இடத்தில் "ம்" சொல்வது. மற்றதையெல்லாம் வைதேகி மேடத்திடம் கற்றேன்.

மையம் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறத் தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே முகூர்த்த சீசனில் நாள் முழுக்கப் பெயர் வெட்டும் மெஷின் கிர்ரென்று ஓடும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி. மேலே, அதே கடையில் சில வருடங்களுக்கு முன் பெயர் வெட்டிய குத்துவிளக்கும் அண்டாவும் யாருக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். கடைக்காரர் படிக்கட்டில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்வார். போட்டித் தொழில் என்று அவர் நினைக்கவில்லை.

மாடியில் இருந்தது ஒரே ஹால்தான். அதைப் பிளைவுட்டால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஏசி ஒன்றே ஒன்று, தடுப்புக்கு நேர் மேலே, சுவரில். காற்று இரண்டு பக்கமும் போக வேண்டும் என்பதற்காகத் தடுப்பைக் கூரைக்கு இரண்டடி கீழே நிறுத்தியிருந்தார்கள். பாதிக் குளிர் இந்த அறைக்கு, பாதி அந்த அறைக்கு. என் பணிக்காலத்தில் இரு தரப்பும் ஆட்சேபிக்காத சரிபாதிப் பங்கீடு அது ஒன்றுதான்.

குளிர் போகும் வழியில் குரலும் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை நம்ப மாட்டீர்கள். என் மனைவியும் நம்பவில்லை.

வைதேகி மேடம் ஓய்வுபெற்ற நீதிபதி. மயிலாப்பூரிலேயே பிறந்து, படித்து, வாழ்ந்தவர். தீர்ப்பு எழுதிய கை என்பதாலோ என்னவோ, மையத்தில் பேனாவைத் தொடமாட்டார். பென்சில்தான். அவர் மேஜையில் கூராக்கிய பென்சில்கள் நான்கு, ஒரே திசையைப் பார்த்துக் கிடக்கும். பேனா இழுப்பறைக்குள் பூட்டியிருக்கும். இரு தரப்பும் சம்மதம் என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் அது வெளியே வரும். "பேனாவைக் கண்டா மனுஷாளுக்கு பயம் வந்துடும். பயத்துல சண்டைக்காரா பொய் சொல்லுவா, வக்கீல் நிஜம் சொல்லுவான். ரெண்டுமே நமக்கு ஆகாது" என்பார்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்றுதான். மையத்துக்கான கட்டணம் அமர்வுக்கு இவ்வளவு என்று சிறியது. ஆளுக்குப் பாதி. மேடம் அதைச் சொல்வதற்கு முன் இருவர் முன்னாலும் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் வைப்பார். இதுவரை எத்தனை வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் ஃபீஸ், ஆட்டோ, எடுத்த லீவு. கடைசி வரிசை, அன்றைக்குத் தூக்கம் வந்ததா, இல்லையா. ஃபீஸ் வரிசையைப் பலரும் உத்தேசமாக நிரப்புவார்கள். தூக்கத்தை மட்டும் யோசிக்காமல், தேதிவாரியாக எழுதுவார்கள். இருவரும் தாளை மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். சில நேரம் அந்த ஒரு தாளோடேயே குரல் இறங்கிவிடும்.

அடுத்து, உங்கள் பிரச்சினை என்ன என்று அவர் கேட்கவே மாட்டார். "கார்த்தால யார் முதல்ல எழுந்துக்கறேள்? பால் யார் வாங்கறா? கொழந்தைக்குத் தலை யார் வாரிவிடறா?" இப்படியே இரவு விளக்கணைக்கும் வரை போகும். அதற்குள் பிரச்சினை தானாகவே நடுவில் எங்கோ தலைகாட்டிவிடும்.

அமர்வு முடிந்ததும் குறிப்பெடுத்த தாள்களை அவர்கள் கண்ணெதிரிலேயே எட்டாகக் கிழிப்பார். துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடாமல் தம் கைப்பையில் போட்டுக்கொள்வார். ஏன் மேடம் என்று ஒருமுறை கேட்டேன். "கூடையில போட்டா பழைய பேப்பர்காரன் எடுத்துண்டு போவான். நாளைக்கு எவனாவது இவா சண்டையில சுண்டல் மடிச்சுத் தருவான்."

என்னுடைய முதல் அமர்வில், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "நீங்க சொல்றது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டேன். மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். அவர்கள் போன பிறகு, "நியாயம் எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுத்துன்னா கோர்ட்டுக்குப் போங்கோ. அங்க அதுக்கு ஆள் தேவைப்படறது" என்றார். அன்றிலிருந்து "ம்" மட்டும்தான்.

அந்த "ம்" எனக்குப் பெரிய பெயரை வாங்கித் தந்தது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அசோக் நகரிலிருந்து வந்த ஒருவர் தனி அமர்வில் என்னிடம், "என்ன இருந்தாலும் அவ கை அடை மாதிரி வராது சார். இத அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார், கொஞ்சம் உரக்க. நான் சொல்லவில்லை. அடுத்த அமர்வுக்கு அந்த அம்மாள் டப்பாவில் அடை கொண்டுவந்தார், எனக்காம். நான்கு அடை. மூன்றை அந்தக் கணவர் தின்றார். இருவரும் பிரிந்தே போனார்கள், ஆனால் ஒரு வாய்தாகூட இல்லாமல், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல். என் மௌனத்தின் வலிமை என்று அன்று டைரியில் எழுதினேன். அந்த டைரியை இப்போது எடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த நிலையில் என்னை ஒரு புத்தாக்கப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள், மதிய உணவு உண்டு. தனி அமர்வில் ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் காதுக்குப் போகவிட்டால் சமரசம் அன்றே செத்தது என்றார் பயிற்சியாளர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணுக்குள் இரண்டடி இடைவெளி தெரிந்தது. இத்தனை வருடமும் நான் நடத்தியது சமரசமா, ஒலிபரப்பா?

புதிதாக மதம் மாறியவனின் காய்ச்சலோடு திரும்பி, மையத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். இரண்டாவது ஏசி வேண்டும், தடுப்பைக் கூரை வரை அடைக்க வேண்டும். வைதேகி மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"செய்யுங்கோ."

"மேடம், உங்க கருத்து..."

"ரூல்னு எழுதியிருக்கேளே. ரூலுக்குக் கருத்து உண்டா?"

ஒரு சனி, ஞாயிறுக்குள் வேலை முடிந்தது. எட்டு திருகாணி போட்டு மேல் பலகை ஏறியது. அறைக்கு ஒரு ஏசி. தச்சர் ஒரு பக்கம் நின்று கத்த, மறுபக்கம் நான் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சண்முகவேல், கல்பனா வழக்கு அப்போது எங்களிடம் நடந்துகொண்டிருந்தது. சண்முகவேலுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அண்ணன்மாரோடு தி. நகரில் ஜவுளிக் கடை. கல்பனா அடையாறில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். பிரிவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே மகள் யாழினி, நான்காம் வகுப்பு. பள்ளி நாட்களில் அவள் யாருடன் இருப்பது என்பதில்தான் முட்டிக்கொண்டு நின்றது. இருவரும் விட்டுக்கொடுக்காததால், வருகிற திங்கட்கிழமை குழந்தையை அழைத்து வரும்படி கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். நீதிபதி அவளைத் தம் அறைக்குள் கூப்பிட்டு, யாரோடு இருக்க உனக்கு இஷ்டம் என்று கேட்பார். அதற்குள் இங்கே முடிந்தால் அந்தக் கேள்வி வேண்டாம்.

"ஜட்ஜ பாக்கப் போறதுக்கு யூனிஃபார்ம் போடணுமா, கலர் டிரஸ்ஸான்னு கேட்டுட்டு இருக்கா சார்" என்றார் கல்பனா. சண்முகவேல் கூரையைப் பார்த்தார். "எங்கிட்டயும் கேட்டா. கலர் டிரஸ்னுட்டேன்." அதுவரை அந்த அறையில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் ஒன்றும் இல்லை என்பதால், மேடம் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

சிக்கல் மனுவின் பதினோராம் பத்தியில் இருந்தது. கல்பனாவின் மனு. 'எதிர்மனுதாரர் போதையில், வாய் குழற, குழந்தையைப் பள்ளியிலிருந்து இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்றார்.' முதல் அமர்விலேயே சண்முகவேல் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வந்திருந்தார்.

"சார், நா அன்னைக்கு பல்லு புடுங்கிட்டு வந்தேன். ஊசி போட்டு பாதி வாய் மரத்துப் போயி, எச்சி ஒழுகிட்டு இருக்கு. புள்ளய கூப்புட ஆளில்லன்னு இவதான் போன் போட்டா. அப்டியே போனேன். அதத்தான் போதைன்னு எழுதி வச்சிருக்காக." கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்தார். "இந்தா, பாருங்க. இந்தப் பல்லு."

வைதேகி மேடம் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதினார்: கீழ் வரிசை, வலது பக்கம், கடைவாய். கல்பனா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

முடிச்சு இதுதான். அந்தப் பத்தி இருக்கும்வரை சண்முகவேல் குழந்தையை விட்டுத்தர முடியாது. விட்டால் குடிகாரன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் குழந்தையைக் கேட்கும்வரை கல்பனா அந்தப் பத்தியை எடுக்க முடியாது. எடுத்தால் கையில் இருக்கும் ஒரே ஆயுதமும் போய்விடும்.

இரண்டாவது அமர்வை நான் மட்டும் நடத்தினேன். அப்போது பலகை இன்னும் ஏறவில்லை. தனி அமர்வில் சண்முகவேல், "நகையெல்லாம் அவளுதுதான் சார், எங்களுக்கு எதுக்கு" என்றார். கூட்டு அமர்வில் நான் வாயைத் திறப்பதற்குள் கல்பனா, "நகையப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல சார்" என்றார். என் முகராசி.

மூன்றாவது அமர்வு, புதன்கிழமை காலை. பலகை ஏறியிருந்தது. எங்கள் அலுவலக உதவியாளர் ஏகாம்பரம் அன்று லீவு, திருவல்லிக்கேணியில் தங்கை வீட்டு விசேஷம். தண்ணீரை நானே வைத்தேன்.

முதலில் சண்முகவேலோடு தனி அமர்வு. கதவைச் சாத்தியதும் அவர் நாற்காலியைத் தடுப்புப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஏசிக் காற்றுக்காக என்று நினைத்தேன்.

"சார்!" என்றார். தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற குரல். "கடைய பூட்டிட்டு நா வர பத்து மணி ஆயிருது. அந்தப் புள்ள ஒம்பதுக்கெல்லாம் தூங்கிரும். அதுக்குத் தல வாரிவிட எனக்குத் தெரியாது, ஹோம்ஒர்க் சொல்லித்தரவும் தெரியாது. அவ அம்மாகிட்டயே இருக்கட்டும் சார். எனக்கு சனி ஞாயிறு போதும். அண்ணன்மாரு சொல்லுதாகன்னுதான் நா புடிச்சிட்டு நிக்கேன். அந்த ஒரு பேச்ச மட்டும் அவ எடுத்துட்டா போதும்." மூச்சு வாங்கினார். பிறகு சாதாரணக் குரலில், "இத அவகிட்ட சொல்லிறாதீங்க" என்றார்.

"அவங்ககிட்ட சொல்ல எனக்கு அனுமதி உண்டா?" என்று விதிப்படி கேட்டேன்.

"சொல்லப்படாது. நா எறங்கி வந்த மாதிரி ஆயிரும்."

அடுத்து கல்பனா. அவரும் நாற்காலியைத் திருப்பினார். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை போகும் குரல்.

"சார், அவர் குடிக்கிறவரே இல்ல. காபியே ரெண்டாவது டம்ளர் குடிக்க மாட்டாரு. அன்னிக்கு வாய் கோணி வந்து நிக்கிறாருன்னு கோவத்துல வக்கீல்கிட்ட சொன்னேன், அவங்க அதுக்கு ஒரு வார்த்தை போட்டாங்க. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அவர் நல்ல அப்பா சார். யாழினிய மட்டும் என்கூட விட்டுட்டா அந்தப் பாராவ இன்னிக்கே எடுத்துடறேன்." தண்ணீர் குடித்தார். "இத அவருக்குச் சொல்லக் கூடாது சார். கோர்ட்ல எனக்கு எதிரா திருப்பிடுவாங்க."

"அனுமதி?"

"இல்ல."

இரண்டு பதில்களும் என் மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, அச்சு மாறாமல் பொருந்திக் கிடந்தன. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பிளைவுட்டை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பட்டேன்.

கூட்டு அமர்வு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். கீழே பெயர் வெட்டும் மெஷின் ஒரு நீளமான பெயரை முடித்து அடுத்ததைத் தொடங்கியது. நான் "ம்" என்றேன். பலனில்லை.

"இதுக்கு மேல நா என்ன சொல்லணும்?" என்றார் சண்முகவேல்.

"நான் அவ்வளவு சொன்ன பிறகும் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க பாத்தீங்களா" என்றார் கல்பனா.

"நீ என்னத்த சொன்ன?"

"நீங்க என்னத்த சொன்னீங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பென்சிலைப் பார்த்தேன்.

"சரி, கோர்ட்லயே பாத்துக்கிடுவோம்" என்று சண்முகவேல் எழுந்தார். கல்பனா அவருக்கு முன்பே படியிறங்கிவிட்டார். போகும்போது, "இன்னிக்கு ரூம் ரொம்ப சில்லுனு இருந்துச்சு சார்" என்றார். பாராட்டாக இல்லை.

மறுநாள் காலை ஏகாம்பரம் வந்ததும் சங்கதியைக் கேட்டார். யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லவில்லை. முறிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார்.

"மேல அடிச்சி மூடிட்டா, இது சொல்றது அதுக்கு எப்டி சார் கேக்கும்?"

"கேக்கக் கூடாதுன்னுதானேப்பா அடைச்சிருக்கு."

"இன்னா சார் நீ! அதுங்க பேசறதே கேக்கறதுக்குத்தான சார்? தண்ணி குடுக்கச் சொல்லோ நான்தான் எல்லாருக்கும் சொல்வேன். 'மேல சந்து கீது, அந்தாண்ட கேக்கும், பாத்துப் பேசுங்க'ன்னு. கேக்கக் கூடாததுன்னா குசுகுசுன்னு பேசுவாங்க. கேக்கணும்னா கத்துவாங்க. இத்தினி வருசமா அப்டித்தான போய்க்கினு இருந்துச்சு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மையத்தில் ரகசியம் காக்கப்பட்டே வந்திருக்கிறது, கச்சிதமாக. காத்தவர் ஏகாம்பரம். கத்தியதெல்லாம் எனக்கு அல்ல. அடை எனக்கு அல்ல. நான் அந்த அறையில், கணவன் மனைவி வெட்கப்படாமல் சுவரோடு பேசுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஒரு சாக்கு. நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற சாக்கு.

வைதேகி மேடத்திடம் போனேன். அறைக்குள் பேசியதைச் சொல்ல முடியாது. அதனால், "மேடம், பலகை..." என்று தொடங்கி அங்கேயே நின்றேன்.

அவர் பென்சில் கூராக்கிக்கொண்டிருந்தார். "எட்டு திருகாணியா?"

"ஆமாம் மேடம். உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தடுப்பு போடறச்சே நான் இங்கதானே உக்காந்துண்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கே வேண்டாம்னு சொல்லல?"

"முப்பது வருஷம் ஜட்ஜா இருந்துட்டு, ரூல்ல ஒரு ஓட்டை இருக்கட்டும்னு என் வாயால எப்படிச் சொல்றது? ஆத்துல யோசிச்சுப் பாத்தேன். வாக்கியமே வரல்லை." பென்சில் தூளை ஊதித் தள்ளினார். "அவா ரெண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

"வர மாட்டேங்கறாங்க மேடம். கேட்டுப் பாத்துட்டேன்."

போனை வாங்கி அவரே பேசினார். சமரசம் தோற்றுவிட்டது என்ற அறிக்கையில் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மையத்தில் ஒரு விதி இருக்கிறது என்றார். அந்த விதி அன்று காலை பதினோரு மணிக்கு உண்டானது. பிறகு அறக்கட்டளைக்கு ஒரு வரி எழுதினார்: 'காற்றோட்டக் குறைவு கருதி மேல் பலகை நீக்கப்படுகிறது.' பென்சிலால்தான்.

தச்சர் வேறு வேலைக்குப் போய்விட்டதால், பாத்திரக் கடையில் ஸ்க்ரூடிரைவர் கடன் வாங்கி நானே ஸ்டூல் மேல் ஏறினேன். ஏகாம்பரம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "பாத்து சார். நீ வுயுந்தா நான்தான் வூட்டுக்குப் பதில் சொல்லணும்." ஏழு திருகாணி வந்தன. எட்டாவது என்னை மதிக்கவில்லை. ஏகாம்பரம் ஏறி இரண்டே திருப்பில் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு பேனாவோடு. ஏகாம்பரம் தண்ணீர் கொண்டுபோனார். முதலில் அந்த அறைக்கு, பிறகு இந்த அறைக்கு. இரண்டு இடத்திலும் அவர் சொன்னது எனக்குக் கேட்டது, மேலேதான் திறந்திருந்ததே. "இன்னிக்கு மேல தொறந்து கீது. போன தபா அடைச்சி இருந்துச்சு, ஒண்ணியும் கேட்டிருக்காது."

இரண்டு அறையிலும் டம்ளர் டக்கென்று மேஜையில் இறங்கியது.

நான் சண்முகவேல் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் தலையைத் தூக்கி அந்த இரண்டடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன்.

"அப்ப அன்னைக்கு..." என்றார்.

"ம்" என்றேன்.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை அவர் கத்தவில்லை. கத்த வேண்டியிருக்கவில்லை. பத்து மணி, ஒன்பது மணி, தலை வாருவது, சனி ஞாயிறு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். "அந்த ஊசி போட்டு வண்டி ஓட்டுனது தப்புதான் சார். ஆட்டோல கூட்டிட்டு வந்திருக்கணும். அதுக்கு வேணா திட்டிக்கிடட்டும்." தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கல்பனாவின் முறை வந்தபோது அவர் என்னிடம் பேசுவதுபோல் பாவனைகூடச் செய்யவில்லை. தடுப்பைப் பார்த்தே சொன்னார். "பதினோராவது பாரா பொய். நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். படிச்சிருந்தாலும் அன்னிக்குப் போட்டிருப்பேன், அவ்வளவு கோவம். இப்ப எடுத்துடறேன்." பிறகு, "அவர் அன்னிக்கு ஒரு கையால வாயப் பொத்திக்கிட்டு, ஒரு கையால அவ பையத் தூக்கிட்டு நின்னாரு. அது மனசுலயே இருக்கு" என்றார்.

அடுத்த அறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

கூட்டு அமர்வில் யாரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஸ்கூல் நாள்ல அம்மாகிட்ட" என்றார் சண்முகவேல், மேஜையைப் பார்த்து. "அந்தப் பாராவ எடுத்துடலாம்" என்றார் கல்பனா, அதே மேஜையைப் பார்த்து. வைதேகி மேடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறை சொன்னார்கள். இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். இருவரும் அவரவர் பேனாவைச் சட்டைப்பையிலும் கைப்பையிலும் வைத்துக்கொண்டு, மேடத்தின் பேனாவால் போட்டார்கள். குறிப்புத் தாள்கள் எட்டாகக் கிழிந்து கைப்பைக்குள் போயின. கிளம்பும் முன், முதல் நாள் அவர்கள் செலவும் தூக்கமும் எழுதிய தாளை மேடம் இருவர் முன்னாலும் மறுபடி வைத்தார். தூக்கத்துக்கான கடைசி வரிசையில் அன்றைய தேதிக்கு நேரே, இரண்டு பேரும் ஒன்றும் எழுதவில்லை. இனிமேல்தானே தெரியும் என்றார் கல்பனா.

திங்கட்கிழமை கோர்ட்டில் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்தார்கள். சில நிமிட வேலை. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பத்தரை மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கல்பனா கூப்பிட்டார்.

"முடிஞ்சுது சார்."

"யாழினி?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. கணக்கு டெஸ்ட்."

"யூனிஃபார்ம்லயா?" என்று கேட்டேன். சமரசருக்குத் தேவையில்லாத கேள்வி.

"ஆமா சார். யூனிஃபார்ம்லதான்."

டெஸ்டில் இருபதுக்குப் பதினாறு. அந்த வாரமே இருவரும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னார்கள். குறைந்த நான்கு மார்க்கும் அவங்க அம்மா வீட்டுப் புத்தி என்றார் சண்முகவேல். அவங்க அப்பா வீட்டுப் புத்தி என்றார் கல்பனா. கெட்டிக்காரி சார், நல்லா வளர்க்கறா என்று அவரும், ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் கூடவே உக்காந்து கணக்குப் போட வச்சார் என்று இவரும் முடித்தார்கள். முடித்த பிறகு, இதை அடுத்தவரிடம் சொல்ல வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் சத்தமாகத்தான் சொன்னார்கள்.